ஆடிய காலும் ஆறிய மனமும்



தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த நம்மவர்களிடம், வந்ததில் என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒரு பெரிய பட்டியலே போடுவார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், வாசலில் பஸ், பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இருட்டோடு எழுந்து, அடுப்பு மூட்டி, பெரட்டுக்கு ஓடியவர்களுக்கு இவையெல்லாம் சின்னக் காரியங்களா என்ன? ஆனால் போனது என்ன என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். "என்னமோ ஒன்று போய்விட்டது, சொல்லத் தெரியவில்லை" என்பார்கள்.

அந்த "என்னமோ ஒன்றை"ப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேசப் போகிறேன். தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம். இன்று இல்லாவிட்டாலும் நாளைக்கு உங்கள் மகனோ மகளோ, "அம்மா, நீங்கள் எங்களோடு வந்துவிடுங்கள்" என்று கூப்பிடத்தான் போகிறார்கள்.

தோட்டத்து உழைப்பு உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் பழைய காலத்தைப் பாராட்ட நான் வரவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளியைச் சுமந்து இடுப்பு ஒடிந்தவர்கள், செம்பனைக் குலையைத் தூக்கித் தோள்பட்டை தேய்ந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த வேலை உடம்பைத் தின்றது. ஆனால் அதே உடம்புக்குத் தோட்டத்தில் இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. மாரியம்மன் திருவிழா வந்தால் கரகம், காவடி, உறுமி. பொங்கல் வந்தால் கும்மி, கோலாட்டம். தீபாவளிக்கு நாடகம். பகலெல்லாம் கூலிக்காக வளைந்த முதுகு, அந்த ஓர் இரவு தனக்காக நிமிர்ந்து நின்றது. பட்டணத்துக்கு மூட்டை கட்டும்போது பானை சட்டியைக் கட்டினோம், சாமி படத்தைக் கட்டினோம். இதை மட்டும் கட்ட மறந்துவிட்டோம்.

"ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சும்மா இருக்க வைத்தால் அந்தக் கால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். பெயர் ஆன்னா ஹால்பிரின். அமெரிக்காவில் 1920இல் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, தமால்பாயஸ் என்ற மலையின் அடிவாரத்தில் குடியிருந்தார். அவர் நாட்டியக்காரி. கணவர் லாரன்ஸ், தோட்டங்களையும் பூங்காக்களையும் அமைத்துத் தரும் கலைஞர். மனைவி ஆடுவதற்காக அவர் 1950களில் வீட்டை ஒட்டியே மரங்களுக்கு நடுவே ஒரு பலகை மேடை கட்டிக் கொடுத்தார். அதற்குச் சுவர் கிடையாது, கூரையும் கிடையாது. அந்த மேடையில் ஆட ஆட, நாட்டியம் என்பது அரங்கத்தில் விளக்கைப் போட்டுச் சிலர் ஆட, மற்றவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது மட்டும்தானா என்ற சந்தேகம் அந்த அம்மையாருக்கு வந்துவிட்டது. நடப்பது, குனிவது, சுமப்பது, உடை மாற்றுவது, இவையும் ஆட்டமாகலாம் என்றார். 1970களில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தையே மேடையாக்கி, பொதுமக்களைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் அழைத்து வந்து ஆட வைத்தார். வேகமாக நடக்கவும், எதிரே வருபவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் மட்டுமே பழகிப்போன நகரத்துக்காரர்கள், தாங்கள் தினமும் போகிற வழியில் நின்று கையை விரித்தார்கள்.

இந்த அம்மையாருக்கு 1972இல் புற்றுநோய் வந்தது. குடலின் அடிப்பகுதியில் கட்டி. அதற்கு முன்பே ஒருநாள் தம் உருவத்தைப் படமாக வரைந்தபோது, அடிவயிற்றில் ஏதோ ஓர் உருண்டையை வரைந்ததாகவும், அதை மட்டும் தம்மால் ஆடிக்காட்ட முடியாமல் போனதால்தான் மருத்துவரிடம் போனதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். மருத்துவர் பார்த்தார், கட்டி இருந்தது, அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று ஆண்டு கழித்து நோய் திரும்பி வந்தது. அப்போது அவர் தம்மை ஆளுயரத்துக்கு வரைந்து சுவரில் மாட்டி, தெரிந்தவர்களை உட்கார வைத்து, தம் கோபத்தையும் பயத்தையும் கத்திக் கதறி ஆடித் தீர்த்தார். நோய் அடங்கியது. 2021இல், 100 வயதில்தான் அவர் காலமானார்.

உடனே யாரும், "அப்படியானால் ஆடினால் புற்றுநோய் போய்விடுமா?" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒருவருடைய அனுபவம் எல்லோருக்கும் மருந்துச் சீட்டு ஆகாது. அவரும் கத்தி வைத்துக் கட்டியை எடுத்துக்கொண்டவர்தான். நோய் தீர்வது ஒன்று, மனிதர் முழுதாய்த் தேறுவது இன்னொன்று என்று அவரே இரண்டையும் பிரித்துத்தான் பேசினார். கட்டியை எடுத்த பிறகும் பயம் உள்ளே இருக்கும், துக்கம் இருக்கும், "எனக்கு மட்டும் ஏன்?" என்ற ஆத்திரம் இருக்கும். அவற்றுக்கு எந்த மருந்துக்கடையில் மாத்திரை விற்கிறார்கள்?

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் தமிழே சொல்லிக் கொடுக்கிறது. நோய் தீரும், புண் ஆறும். பசியை ஆற்றுகிறோம், காலையில் ஒருவரைப் பார்த்தால் "பசியாறிவிட்டீர்களா?" என்றுதானே கேட்கிறோம்? களைத்தவர் இளைப்பாறுகிறார். துக்கப்பட்டவருக்கு ஆறுதல் சொல்கிறோம். இந்த 'ஆறுதல்' அவசரப்படுத்தினால் வராது. சுடச்சுட இருக்கும் காப்பியைப் போல மெல்ல மெல்லத்தான் ஆற வேண்டும். தனியாக இருந்து ஆறுவதை விட, நாலு பேரோடு இருந்து ஆறுவது சுலபம்.

நாலு பேர் என்றதும் அந்த அம்மையாரின் இன்னொரு காரியம் நினைவுக்கு வருகிறது. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் என்ற பகுதியில் பெரிய கலவரம் மூண்டது. ஆறு நாட்கள் நடந்தது. 34 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, அந்தப் பகுதியிலிருந்த ஒரு கலைப்பள்ளி ஹால்பிரினை அழைத்தது. அவர் அங்கே கறுப்பின இளைஞர்களோடும், தம் ஊரில் வெள்ளையின இளைஞர்களோடும் பல மாதங்கள் தனித்தனியே பயிற்சி செய்தார். பிறகு இரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து 1969இல் மேடையேற்றினார். அந்தச் சில நாட்களில் அவர்களுக்குள் சண்டை வந்தது, அழுகை வந்தது, சிநேகிதமும் வந்தது. ஒரே இடத்தில் ஒரே தாளத்துக்குக் கால் வைத்தவர்கள் பிறகு ஒருவரையொருவர் பார்த்தால் பழைய மாதிரி பார்க்க முடியாது. ஒரே புளோக்கில் நாலு மொழி பேசிக்கொண்டு, ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் வாழும் நமக்கு இது புரியாத கதையா?

அவர் வாழ்ந்த மலைக்கும் ஒரு கதை உண்டு. 1979 முதல் அந்த மலைப்பாதைகளில் நடக்கப் போனவர்கள் சிலர் கொலை செய்யப்பட்டார்கள். கொலைகாரன் அகப்படவில்லை. பாதைகளை மூடினார்கள். மக்கள் தங்கள் மலையைப் பார்த்தே பயந்தார்கள். 1981இல் ஹால்பிரின் ஊராரைச் சேர்த்து அந்த மலைக்காக ஆடினார். மறுநாள் பெரியவர்களும் பிள்ளைகளுமாக, பயந்து ஒதுங்கியிருந்த அதே மலையில் நடந்தார்கள். சில வாரங்களுக்குள் கொலைகாரன் பிடிபட்டான். ஆட்டம்தான் அவனைப் பிடித்தது என்று நான் சொல்ல மாட்டேன், பிடித்தது போலீசார். ஆனால் பயத்தால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊரை வெளியே கொண்டுவந்தது அந்த ஆட்டம். அது பிறகு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிப் பல நாடுகளுக்கும் பரவியது. வெளிவட்டத்தில் ஓடுபவர்கள், உள்வட்டத்தில் நடப்பவர்கள், ஓடவும் நடக்கவும் முடியாதவர்களுக்கு நடுவில் ஓர் இடம். ஒவ்வொருவரும் தொடங்கும் முன், தாம் யாருக்காக ஓடுகிறோம் என்று உரக்கச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். நோயில் கிடக்கும் தாய்க்காக என்பார் ஒருவர். இறந்துபோன தம்பிக்காக என்பார் இன்னொருவர்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்குத் தைப்பூசம் தோன்றியது! மகனுக்கு உடம்பு தேறினால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு பத்துமலைப் படியேறும் தாய், யாருக்காகப் படி ஏறுகிறாள்?

நம் நாட்டு மலாய்க்காரர்களிடமும் இதைவிடப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிளந்தான், திரெங்கானு பக்கத்துக் கிராமங்களில் 'மாயின் புத்ரி' என்பார்கள். இரவில் நடக்கும். ஒருவர் ரெபாப் என்ற நரம்புக் கருவியை வாசித்துக் கேள்வி கேட்பார். இன்னொருவர் அருள் வந்த நிலையில் ஆடிப் பதில் சொல்வார். கடைசியில் நோயாளியையே எழுப்பி ஆட வைப்பார்கள். அவர்களுடைய கருத்து என்ன தெரியுமா? ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு 'ஆங்கின்', அதாவது ஒரு காற்று, பிறவியிலேயே இருக்கிறதாம். ஆசையும் திறமையும் குணமும் கலந்த காற்று அது. ஆட்டக்காரனாகப் பிறந்தவன் ஆடக் கிடைக்காமல் போனால் அந்தக் காற்று உள்ளேயே அடைபட்டு நோயாக மாறும்; ஆடவிட்டால் வெளியேறும். இந்தச் சடங்கோடு நெருங்கிய உறவுள்ள மாக் யோங் என்ற நாட்டிய நாடகத்தை யுனெஸ்கோ 2005இல் மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. காற்று என்பதை நாம் அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் அடைபட்ட ஆசை மனிதரை வாட்டும் என்பது பொய்யா? உங்கள் வீட்டிலேயே பாட விடாத வாய் ஒன்றும், ஆட விடாத கால் ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படித்த மருத்துவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்போம். நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்ற பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பது, விளையாட்டுப் பலகை ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. உடம்பை அசைக்கும் காரியங்களில் நடனம் ஒன்றுக்கு மட்டும்தான் அந்தத் தொடர்பு தெரிந்தது. நடனம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்ல உடல்நிலை உள்ளவர்கள் ஆடியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்களே எச்சரிக்கையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் காரணம் யோசிக்கத் தக்கது. ஆடுகிறவர் தாளத்தைக் கேட்க வேண்டும், அடுத்த அடியை நினைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க வேண்டும். கால் மட்டுமா வேலை செய்கிறது?

அதே நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில், மார்க் மோரிஸ் என்ற நாட்டியக் கலைஞரின் குழு 2001 முதல் நடுக்குவாதம் கண்டவர்களுக்கு நடன வகுப்பு நடத்தி வருகிறது. மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்கிறார்களே, அதுதான். இந்த நோயாளிக்கு நடக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். ஆனால் வெளியிலிருந்து ஒரு தாளம் கேட்டால், அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கால் எழும்புவது பலரிடம் காணப்படுகிறது. வகுப்பு நோயை அழிப்பதில்லை. ஆனால் வகுப்புக்கு வருபவர் அந்த ஒரு மணி நேரமாவது நோயாளியாக அல்ல, ஆட்டக்காரராக இருக்கிறார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நான் இருக்கும் புளோக்கில் ஏழாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். 32 வருஷம் பால்மரம் வெட்டியவர். மகன் லாரி ஓட்டுகிறார். மருமகள் தொழிற்சாலையில் வேலை. நல்ல பிள்ளைகள். "இத்தனை காலம் உழைத்துவிட்டீர்கள், இனிமேல் ஒரு வேலையும் செய்யக்கூடாது, சும்மா உட்காருங்கள்" என்று அன்பாகச் சொல்லி உட்கார வைத்தார்கள். பாட்டியும் உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் கீழே இறங்குவது நின்றது. இரண்டாம் வருஷத்தில் பேச்சு குறைந்தது. முழங்கால் வலி, இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு என்று கிளினிக் அட்டை மட்டும் கனத்தது. "கால் செத்துப்போச்சு, தம்பி" என்பார்.

போன பொங்கலுக்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பானை வைத்தோம். பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இளம்பெண்கள் நாலைந்து பேர் கும்மி அடிக்கிறோம் என்று வட்டமாக நின்றார்கள். கையைத் தட்டினார்கள், தாளம் சேரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அப்படி இல்லைடி! குனிஞ்சு ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு!" என்று அதட்டினார். அவர்களுக்குப் புரியவில்லை. பாட்டி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு சுற்று, மெல்ல. இரண்டாவது சுற்றில் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். கையை எடுத்தால்தானே கும்மி தட்ட முடியும்! மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைதோறும் அங்கே ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறார்கள். எதிர்வீட்டுச் சீன மூதாட்டி ஒருவர் காலையில் தனியாக 'தாய்ச்சி' செய்பவர். அவரும் வந்து சேர்ந்துகொண்டார். கும்மி முடிந்ததும் அவர் சொல்லிக் கொடுக்க, நம் பெண்கள் கையை மெல்லச் சுழற்றுகிறார்கள். மலாய்க்கார அம்மா ஒருவர் பலகாரம் கொண்டுவந்து தாளம் போடுகிறார். பாட்டிக்கு முழங்கால் வலி போய்விட்டதா என்றால், இல்லை. இனிப்புநீர் இருக்கிறது, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கே தலை சீவிக்கொண்டு, மின்தூக்கியில் ஏறி, தானே கீழே வந்து நிற்கிறார். போனது எது, வந்தது எது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அன்பர்களே, ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தாலும் அசைவாலும் எந்த நோயையும் விரட்டுவேன், மாத்திரையை நிறுத்து, பணத்தைக் கட்டு என்று யாராவது சொன்னால், அந்த வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். நெஞ்சு வலியோ மூச்சு வாங்குதலோ உள்ளவர்கள், அடிக்கடி விழுபவர்கள், முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டட்டும், அதுவும் ஆட்டம்தான். பெரியவர்கள் ஆடும்போது பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். தரை ஈரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி இதற்குச் சலங்கை வேண்டாம், மேடை வேண்டாம், குருதட்சணை வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, கீழ்த்தளத்தில் கொஞ்சம் இடம், நாலு பேர், ஒரு தாளம். உங்கள் தாயாரிடமோ மாமியாரிடமோ "சும்மா உட்காருங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "நீங்கள் அந்தக் காலத்தில் அடித்த கும்மி எப்படி அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். தகப்பனாராக இருந்தால் உறுமியையோ, காவடியையோ, ராஜபார்ட் வேஷத்தையோ கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள். "அதெல்லாம் மறந்துபோச்சு" என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். வாய் மறந்துவிட்டதாகச் சொன்னதைக் கால் ஞாபகமாகச் செய்து காட்டும்.

உங்கள் தோட்டத்தில் எந்த ஆட்டம் பேர் பெற்றது, இன்று அதை ஆடத் தெரிந்தவர் யார் மிச்சம் இருக்கிறார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.